மின்னணு பவுடர் டிஸ்பென்சர்: எவ்வளவு துல்லியம், எதுவரை நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டா ரீலோடிங் (சுட்ட தோட்டாவின் காலி உறையில் மீண்டும் பவுடரும் புல்லட்டும் பொருத்துவது) செய்பவர்கள், அந்தப் பவுடரை எடைபோட்டுக் கொட்டும் மின்னணு பவுடர் டிஸ்பென்சரைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. இது அளக்கும் கருவியைப் பற்றிய பக்கம். எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு பவுடர் என்பதை, பவுடர் தயாரிப்பாளர் அச்சிட்ட அட்டவணையில் மட்டுமே பாருங்கள். ரீலோடிங்குக்கு உங்கள் நாட்டில் என்ன உரிமம் வேண்டும் என்பதையும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பொத்தானை அழுத்தியதும் உள்ளே என்னதான் நடக்கிறது?

டிஸ்பென்சர் என்பது ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு கருவிகள். ஒன்று பவுடரைத் தள்ளும் மோட்டார், மற்றொன்று எடைபோடும் தராசு. ஹாப்பரில் (பவுடர் நிரப்பும் கலனில்) உள்ள பவுடரை, உட்புறம் மரை போட்ட ஒரு குழாய் சுழன்று சுழன்று முன்னால் தள்ளி, கிண்ணத்தில் உதிர்க்கிறது. கேட்ட எடையில் பெரும்பகுதி விழும்வரை குழாய் வேகமாகச் சுழலும். பிறகு வேகம் குறையும். கடைசிச் சில பத்திலொரு கிரெய்னுக்கு (கிரெய்ன் என்பது பவுடரை அளக்கும் எடை அலகு) நின்று நின்று சுழலும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தராசு என்ன சொல்கிறது என்று கருவி பார்க்கிறது. இலக்கை எட்டியதும் ‘பீப்’.

ஆகவே பிழையும் இரண்டு இடங்களில் பிறக்கிறது. மோட்டார் கூடக் கொட்டினால் திரையில் தெரிந்துவிடும். தராசு தவறாகக் காட்டினால் எங்கேயும் தெரியாது. முதல் பிழையைப் பற்றித்தான் எல்லோரும் புகார் சொல்கிறார்கள். உண்மையில் கவலைப்பட வேண்டியது இரண்டாவதைப் பற்றி.

பெட்டியில் ±0.1 கிரெய்ன் என்று போட்டிருக்கிறதே, அதை எப்படிப் புரிந்துகொள்வது?

1 கிரெய்ன் என்பது 64.8 மில்லிகிராம். 0.1 கிரெய்ன் என்றால் ஏறத்தாழ 6.5 மில்லிகிராம். ±0.1 என்றால் 40.0 கேட்டபோது 39.9 முதல் 40.1 வரை எது வந்தாலும் கருவி தன் வாக்கைக் காப்பாற்றியதாகவே கணக்கு. அதாவது இரண்டு தோட்டாக்களுக்கு இடையே 0.2 கிரெய்ன் வித்தியாசம் இருக்கலாம்.

திரையில் தெரியும் படியும் (எண் மாறும் மிகச் சிறிய அளவும்) துல்லியமும் ஒன்றல்ல. 0.1 படியில் காட்டும் தராசு, 39.95 முதல் 40.05-க்குச் சற்றுக் கீழ் வரை எல்லாவற்றையும் ‘40.0’ என்றே காட்டும். நீளமான குச்சி வடிவப் பவுடரில் ஒரு குச்சியின் எடை சுமார் 0.02 முதல் 0.04 கிரெய்ன். ஆகவே அந்த ஒரே ‘40.0’-க்குள் இரண்டு மூன்று குச்சிகள், பவுடர் சிறிதானால் ஐந்து குச்சிகள்கூட ஒளிந்துகொள்ளலாம். திரையில் ஒரு இலக்கம் கூடுதலாகக் காட்டும் மலிவான கருவிகளும் உண்டு. அந்தக் கடைசி இலக்கத்துக்கு அடியில் உள்ள தராசு தாங்குமா என்பதுதான் கேள்வி.

0.1 கிரெய்ன் கூடினால் குறைந்தால் அப்படி என்ன ஆகிவிடும்?

மொத்தம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. 40 கிரெய்ன் போடும் ரைஃபிள் தோட்டாவில் 0.1 என்பது 0.25 சதவீதம். வேகம் ஏறத்தாழ அதே விகிதத்தில் மாறும் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 800 மீட்டரில் சுமார் 2 மீட்டர் வித்தியாசம். 100 மீட்டர் இலக்கில் இது கண்ணுக்கே தெரியாது. 900, 1000 மீட்டரில் மேலும் கீழுமாகப் பரவல் தெரியத் தொடங்கும்.

4 கிரெய்ன் போடும் பிஸ்டல் தோட்டாவில் அதே 0.1 என்பது 2.5 சதவீதம். அங்கே இது பாதுகாப்புக் கணக்கு. அட்டவணையின் உச்ச அளவை ஒட்டி நின்றுகொண்டு, கருவியின் பிழை எப்போதும் குறைவான பக்கமே விழும் என்று நம்பக் கூடாது. குறைந்த அளவிலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஏறுங்கள். கருவியின் பிழைக்கு ஈடான இடைவெளியை உச்சத்துக்குக் கீழே எப்போதும் விட்டுவையுங்கள்.

லோட் செல் தராசு, காந்த விசைத் தராசு என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

ஆர்.சி.பி.எஸ். சார்ஜ்மாஸ்டர், ஹார்னடி ஆட்டோ சார்ஜ், லைமன் ஜென் 6, ஃபிராங்க்ஃபோர்ட் ஆர்சனல் இன்டெல்லிட்ராப்பர் போன்ற ஒற்றைப் பெட்டிக் கருவிகளில் இருப்பது லோட் செல். ஒரு சின்ன அலுமினியத் துண்டின்மேல் மெல்லிய உலோகத் தகடு ஒட்டப்பட்டிருக்கும். கிண்ணத்தில் பாரம் ஏறினால் துண்டு இம்மியளவு வளையும், தகட்டின் மின்தடை மாறும், அதை அளந்து எடையாக மாற்றுகிறார்கள். சார்ஜ்மாஸ்டர் 1500-இன் கொள்ளளவு 1500 கிரெய்ன். அதில் 0.1-ஐப் பிரித்தறிவது என்றால் முழுப் பாரத்தில் 15,000-இல் ஒரு பங்கு. முழுப் பாரத்துக்கே சில மில்லிவோல்ட்தான் வெளிவரும் என்பதால், அந்த ஒரு பங்கு ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் கீழே போய்விடுகிறது. அறை வெப்பம், காற்று, மின்சார இரைச்சல் எல்லாம் அதைத் தொந்தரவு செய்வதில் வியப்பில்லை.

காந்த விசைத் தராசில் வளைவை அளப்பதில்லை. பாரம் கிண்ணத்தைக் கீழே தள்ளும்போது, ஒரு கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைக் கூட்டி அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவருகிறார்கள். அதற்கு எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டதோ அதுதான் எடை. ஏ அண்டு டி எஃப்எக்ஸ்-120ஐ இந்த வகை. 122 கிராம் கொள்ளளவில் 1 மில்லிகிராம் படி, கிரெய்னில் 0.02. பவுடரைத் தானாகத் தூவும் ஆட்டோட்ரிக்லர் அமைப்பு இந்தத் தராசைச் சுற்றித்தான் வளர்ந்தது. இது எடையை விரைவாகக் காட்டும், ஒரு குச்சி விழுந்தாலும் கவனிக்கும், நகர்வும் குறைவு. இரண்டுக்கும் நடுவே ஆர்.சி.பி.எஸ். மேட்ச்மாஸ்டர் இருக்கிறது. அதன் மேட்ச் (போட்டி) முறையில் 0.04 கிரெய்ன் துல்லியம் என்று தயாரிப்பாளர் சொல்கிறார்.

300 மீட்டருக்குள் சுடுபவருக்கு நல்ல லோட் செல் கருவியே போதும். நெடுந்தூரப் போட்டிக்காரருக்குக் காந்த விசைத் தராசுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

தொடங்கும்போது சரியாகத்தான் இருந்தது. அரை மணி கழித்து எடை நகர்ந்துவிட்டது. ஏன்?

மிக அதிகமாக வரும் கேள்வி இது. காரணம் ஒன்றல்ல. எது முதலில் வாய்ப்புள்ளதோ அந்த வரிசையில் பார்ப்போம்.

முதல் சந்தேகம் வெப்பம். கருவிக்கு மின்சாரம் கொடுத்ததும் உள்ளே உள்ள மின்சுற்று மெல்லச் சூடாகிறது. லோட் செல்லும் கூடவே சூடாகிப் பூச்சியத்தை நகர்த்துகிறது. குறைந்தது 30 நிமிடம், குளிர்ந்த அறையானால் ஒரு மணி நேரம் ஓடவிட்ட பிறகே அளவுத்திருத்தம் (தெரிந்த எடைக்கல்லை வைத்துத் தராசைச் சரிசெய்வது) செய்யுங்கள். போட்டவுடன் திருத்தம் செய்தால், சூடு ஏறிய பிறகு அந்தத் திருத்தமே தவறாகிவிடும். ஜன்னல் வெயில் கருவிமேல் விழக் கூடாது.

அடுத்து காற்று. தலைக்கு மேலே சுழலும் மின்விசிறி, குளிர்சாதனத்தின் வீச்சு, ஏன், அருகில் குனிந்து விடும் மூச்சுகூட 0.1-ஐ அசைக்கும். மூடியைப் போட்டே அளக்க வேண்டும். மூடி இல்லாத கருவியானால் மூன்று பக்கம் அட்டை வைத்தாலே பெரும் வித்தியாசம் தெரியும்.

மின்சாரமும் பார்க்க வேண்டிய ஒன்று. கருவியோடு வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள். அதே இணைப்பில் கேஸை (தோட்டாவின் உலோக உறையை) மெருகேற்றும் டம்ளர் இயந்திரம் ஓடினால் மின் இரைச்சலும் வரும், மேசை அதிர்வும் வரும். குழல்விளக்கின் சோக், அழைப்பு வரும்போது கைபேசி, இவற்றையும் தள்ளியே வையுங்கள். கைபேசியைத் தராசுக்கு அருகில் வைத்து ஒரு அழைப்பு வரவழைத்தால், உங்கள் கருவி அதற்கு அசைகிறதா என்று ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நிலைமின்னேற்றத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. வறண்ட காற்றில் பிளாஸ்டிக் மூடியும் கிண்ணமும் மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று இழுக்கும். அந்த இழுப்பும் எடையாகத்தான் பதிவாகும். பவுடர் குச்சிகள் கிண்ணத்தின் ஓரத்தில் எழுந்து நின்றால், எண் தானாகவே மெல்ல ஊர்ந்தால், இதுதான் காரணம். துணி உலர்த்தியில் போடும் நிலைமின் நீக்கும் தாளால் கிண்ணத்தையும் புனலையும் மூடியையும் துடையுங்கள். அறையின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பாருங்கள்.

நகர்வு இருக்கிறதா என்று வேலையின் நடுவே எப்படிக் கண்டுபிடிப்பது?

கிண்ணமே சாட்சி. காலிக் கிண்ணத்தை வைத்துப் பூச்சியமாக்குங்கள். கிண்ணத்தை எடுங்கள். திரையில் கழித்தல் குறியோடு ஒரு எண் வரும். −152.4 என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரு தாளில் எழுதிக் கருவியின் நெற்றியில் ஒட்டிவிடுங்கள். பவுடரைக் கேஸில் ஊற்றக் கிண்ணத்தை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைப் பாருங்கள். கூடுதல் வேலை எதுவும் இல்லை, கண்ணை ஒருமுறை திருப்பினால் போதும்.

எண் −152.3 என்று மாறியிருந்தால் தராசு 0.1 கூடுதலாகக் காட்டுகிறது. அப்படியானால் 40.0 என்று நின்ற பவுடர் உண்மையில் 39.9. −152.5 என்று மாறியிருந்தால் தராசு குறைவாகக் காட்டுகிறது, கேஸுக்குள் போனது 40.1. இரண்டாவதுதான் ஆபத்தான திசை. 0.1 மாறினால் மறுபடி பூச்சியமாக்குங்கள். அடிக்கடி மாறினால் வேலையை நிறுத்திவிட்டு மேலே சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: சில கருவிகள் கிண்ணம் திரும்பி வந்ததும் தாமாகவே பூச்சியமாக்கிக்கொள்ளும். கிண்ணத்தில் மூன்று குச்சி ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்தே பூச்சியமாக்கிவிடும். அடுத்த தடவை அந்த மூன்றும் சேர்ந்து கேஸுக்குள் போகும். உங்கள் கருவியின் கையேட்டில் இந்த வசதியை அணைக்க வழி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

எந்த எடைக்கல் வாங்க வேண்டும்?

கருவியோடு வரும் கல், அளவுத்திருத்தத்துக்கு. பெரும்பாலும் 50 கிராம். ஓ.ஐ.எம்.எல். (சட்டமுறை அளவியலுக்கான பன்னாட்டு அமைப்பு) விதிப்படி எம்1 வகுப்பு 50 கிராம் கல்லில் 3 மில்லிகிராம் வரை பிழை இருக்கலாம். கேட்கப் பெரிதாகத் தோன்றும். ஆனால் 50 கிராமில் 3 மில்லிகிராம் என்ற விகிதம், 2.6 கிராம் பவுடரில் 0.2 மில்லிகிராம்கூட வராது. ஆகவே பெரிய கல்லைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தனியாக வாங்க வேண்டியது, நீங்கள் போடும் எடையை ஒட்டிய சின்னக் கல். 40 கிரெய்ன் என்பது 2.59 கிராம். ஆகவே 2 கிராம் கல் ஒன்று, பிஸ்டலுக்கு 200 அல்லது 500 மில்லிகிராம் கல் ஒன்று. 2 கிராம் கல் திரையில் 30.9 காட்ட வேண்டும், துல்லியமாகச் சொன்னால் 30.86. 0.1 படித் தராசுக்கு எம்1 போதும். காந்த விசைத் தராசானால் அதைவிடத் துல்லியமான எஃப்2 வகுப்பு வாங்குங்கள், அதன் 2 கிராம் கல்லில் அனுமதிக்கப்பட்ட பிழை 0.4 மில்லிகிராம்தான். விரலால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள். விரல் எண்ணெயும் எடைதான்.

கருவியை வேறு ஊருக்குக் கொண்டுபோனால் மறுபடி திருத்தம் செய்தே ஆக வேண்டும். இவ்வகைத் தராசுகள் பொருளின் மீதுள்ள ஈர்ப்பு விசையைத்தான் அளக்கின்றன. நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் ஈர்ப்பு அரை சதவீதம் மாறுகிறது. 40 கிரெய்னில் அது 0.2.

என் கருவி எவ்வளவு துல்லியம் என்று நானே சோதிக்க முடியுமா?

முடியும். ஒரு மாலை நேரம் போதும். வாங்கிய முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள்.

கருவி சூடானதும் திருத்தம் செய்து, நீங்கள் வழக்கமாகப் போடும் பவுடரை, வழக்கமான எடையில் 30 தடவை கொட்டவிடுங்கள். ஒவ்வொன்றையும் அதைவிடத் துல்லியமான இன்னொரு தராசில் போட்டு எழுதுங்கள். அதே கருவியின் திரையைப் பார்த்து எழுதினால் சோதனைக்கு அர்த்தமே இல்லை. கொட்டிய வரிசையிலேயே எழுதுங்கள். நகர்வு இருந்தால் வரிசையில்தான் தெரியும்.

பிறகு மூன்றைப் பாருங்கள். சராசரி இலக்கிலிருந்து விலகியிருந்தால் அது திருத்தப் பிழை, எளிதில் சரியாகும். முதல் பத்தின் சராசரியும் கடைசிப் பத்தின் சராசரியும் வேறுபட்டால் அது நகர்வு. இரண்டும் சரியாக இருந்து எண்கள் மட்டும் சிதறியிருந்தால், அதுதான் கருவியின் இயல்பு. சிதறலைத் திட்ட விலக்கமாக (சராசரியிலிருந்து எண்கள் பொதுவாக எவ்வளவு விலகுகின்றன என்ற அளவாக) கணக்கிடுங்கள். 30 எண்களில் மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள இடைவெளி, திட்ட விலக்கத்தைப் போல ஏறத்தாழ 4 மடங்கு இருக்கும். திட்ட விலக்கம் 0.04 என்றால் இடைவெளி 0.16 வருவது இயல்பு. ஐந்தே தடவை கொட்டிப் பார்த்து ‘எல்லாம் ஒரே எடை’ என்று மகிழ்வதை நம்பாதீர்கள். ஐந்தில் அந்த ஓரங்கள் தலைகாட்டுவதே அபூர்வம்.

கேட்டதைவிடக் கூடுதலாகக் கொட்டிவிடுகிறது. என்ன செய்யலாம்?

கொட்டும்போது குழாயின் வாயைக் குனிந்து பாருங்கள். குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வாய் விளிம்பில் ஒரு கொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். குழாய் இன்னும் கால் சுற்றுச் சுற்றினால் கொத்து முழுவதும் ‘பொத்’தென்று விழும். 39.8-இல் இருந்த எண் 40.2-க்குத் தாவும். குழாயின் வாய் அகலமாக இருப்பதுதான் காரணம். குளிர்பான உறிஞ்சுகுழலை அங்குல நீளத்துக்கு வெட்டி, வாய்க்குள் இறுக்கமாகச் செருகி வாயைச் சுருக்குவது சார்ஜ்மாஸ்டர் வைத்திருப்பவர்களின் பழைய வைத்தியம், நன்றாகவே வேலை செய்கிறது. வேகக் கட்டத்திலிருந்து மெல்லிய கட்டத்துக்கு மாறும் இடத்தை முன்னால் நகர்த்த முடிந்தால் அதையும் செய்யுங்கள். ஒரு தடவைக்குச் சில விநாடி கூடும், அவ்வளவுதான்.

ஹாப்பரில் பவுடர் மட்டம் குறைந்தாலும் ஓட்டம் மாறும். பாதிக்குக் கீழே போகவிடாதீர்கள்.

‘பீப்’ கேட்டவுடன் கிண்ணத்தைத் தூக்காதீர்கள். இரண்டு விநாடி பொறுங்கள். கடைசிக் குச்சி அதன் பிறகும் விழலாம், எண்ணும் அதன் பிறகே நிலைக்கும். கூடினால் அந்தப் பவுடரை ஹாப்பரிலேயே திருப்பிக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது, இடுக்கியால் குச்சி பொறுக்குவதைவிடச் சீக்கிரம் முடியும்.

மெல்ல மெல்லப் பவுடர் தூவும்போது தராசு எண்ணை மாற்றவே மாட்டேன் என்கிறது. பழுதா?

பழுதில்லை. பூச்சியத்தைத் தானாகப் பின்தொடரும் வசதி அது. மிகச் சிறிய, மிக மெதுவான மாற்றத்தை ‘இது நகர்வு’ என்று தராசு எண்ணி விழுங்கிவிடுகிறது. பூச்சியத்துக்கு அருகில்தான் இது அதிகம். கையால் தூவுபவர்கள் கிண்ணத்தை ஒருமுறை தூக்கி வைத்தால் உண்மையான எடை தெரியும். தனித் தராசு வாங்கும்போது இந்த வசதியை அணைக்க முடியுமா என்று கேட்டு வாங்குங்கள்.

எந்தப் பவுடர் நன்றாக ஓடும்?

உருண்டைப் பவுடரும் சிறிய குச்சிப் பவுடரும் சொன்னபடி கேட்கும். நீளமான குச்சிகள் கொத்தாக விழும். மிக நுண்ணிய உருண்டைப் பவுடர் குழாய் நின்ற பிறகும் கசியக்கூடும், கருவியின் இடுக்குகளிலும் புகும். தட்டையான செதில்கள் நிலைமின்னால் சுவரில் ஒட்டும்.

உருண்டைப் பவுடருக்குக் கைப்பிடி சுழற்றும் கொள்ளளவு அளவி மிக நன்றாகவே வேலை செய்யும். பிஸ்டல் தோட்டா நூற்றுக்கணக்கில் செய்பவருக்கு அதுதான் சரி. டிஸ்பென்சரை இடையிடையே சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். மிகக் குறைந்த எடைகளில் டிஸ்பென்சரின் 0.1 பிழை பெரிய சதவீதமாகிவிடுகிறது என்பதை மேலே பார்த்தோம்.

கருப்பு வெடிமருந்தை இதில் போடலாமா?

கூடாது. புகையற்ற பவுடருக்கு மட்டுமே இவை. கருப்பு வெடிமருந்து தீப்பொறியில் உடனே பற்றும், மின்சாரமும் மோட்டாரும் உள்ள பெட்டிக்குள் அதற்கு இடமில்லை.

ஹாப்பரில் பவுடரை விட்டுவைக்கலாமா?

அன்றன்றே காலி செய்யுங்கள். திறந்த பவுடர் காற்றின் ஈரத்தை ஏற்கும், வறண்ட காற்றில் இழக்கும். ஈரம் இழந்த பவுடர் அதே எடையில் சற்று வேகமாக எரியும். நைட்ரோகிளிசரின் கலந்த பவுடர்கள் சிலவகைப் பிளாஸ்டிக்கை மங்கச் செய்து அரிக்கவும் செய்யும்.

இதைவிடப் பெரிய காரணம், நாளைக்கு அது என்ன பவுடர் என்று மறந்துபோகும். காலி செய்யும்போது வடிகால் வழியே கொட்டிய பிறகும் குழாய்க்குள் பவுடர் மிச்சம் இருக்கும். குழாயைச் சுழலவிட்டு, கருவியைச் சாய்த்துத் தட்டி, தூரிகையால் துடைத்து, ஒரு குச்சிகூட வராத வரை செய்யுங்கள். மேசைமேல் ஒரே ஒரு பவுடர் டப்பா மட்டும் இருக்கட்டும். எது என்று ஐயம் வந்த பவுடரை எந்த டப்பாவிலும் சேர்க்காதீர்கள், பயன்படுத்தாமல் ஒதுக்கிவிடுங்கள்.

கருவி இவ்வளவு பார்க்கிறது என்றால், ஒரே கேஸில் இரண்டு முறை பவுடர் விழுவதையும் தடுக்குமா?

தடுக்காது. கிண்ணத்தில் இருப்பது மட்டுமே அதற்குத் தெரியும். கிண்ணம் எந்தக் கேஸில் கவிழ்ந்தது என்று தெரியாது. புல்லட் பதிக்கும் முன் எல்லாக் கேஸ்களையும் தட்டில் நிறுத்தி, டார்ச் அடித்து, பவுடர் மட்டம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பவுடர் கேஸின் பாதிக்கும் கீழே நிற்கும் பிஸ்டல் தோட்டாக்களில் இந்தப் பார்வையைத் தவறவிடவே கூடாது.

எப்போது இனி இந்தக் கருவி வேண்டாம் என்று ஒதுக்குவது?

முழுதாகச் சூடாக்கி, காற்றை மறைத்து, அடாப்டரை மாற்றிப் பார்த்த பிறகும் 2 கிராம் கல் ஒரே பத்து நிமிடத்தில் மூன்று வேறு எண்களைக் காட்டினால். கல்லைக் கிண்ணத்தின் நடுவிலும் ஓரத்திலும் வைக்கும்போது 0.1-க்கு மேல் மாறினால். கல்லை எடுத்த பிறகு பூச்சியத்துக்குத் திரும்பாமல் நின்றால். இவை லோட் செல் பாதிக்கப்பட்டதன் அடையாளங்கள். பெரும்பாலும் யாரோ கிண்ண மேடையைக் கையால் அழுத்தியதாலோ, கருவி கீழே விழுந்ததாலோ வருவது. எடுத்துச் செல்லும்போது கிண்ணத்தையும் மேடையையும் கழற்றிவிட வேண்டும் என்று கையேடுகள் சொல்வது இதனால்தான். இந்த நிலையில் அளவுத்திருத்தம் எத்தனை தடவை செய்தாலும் பயனில்லை. உத்தரவாதம் இருந்தால் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள். அதுவரை முள் தராசில் ஒவ்வொன்றாக எடைபோட்டுக்கொள்ளலாம். அந்தக் கருவி கொட்டிய பவுடரோடு ஏற்கெனவே மூடிய தோட்டாக்கள் இருந்தால், அவற்றைச் சுடாமல் பிரித்துவிடுங்கள்.